பரணில் கிடைத்த ரிக்கார்டுகளைக் கேட்க ஒரு சிக்கன ஸ்டீரியோ: முள்ளிலிருந்து ஸ்பீக்கர் வரை

தாத்தா காலத்து ரிக்கார்டுப் பெட்டி ஒன்று பரணிலிருந்து இறங்கியிருக்கிறது, போட்டுக் கேட்க என்ன வாங்கணும், எப்படி மாட்டணும் என்று தெரியவில்லை. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. ஆம்ப், கார்ட்ரிஜ், போனோ என்ற வார்த்தைகளே புதிது என்றாலும் பரவாயில்லை. மொத்தச் செலவு 30,000 ரூபாய்க்குப் பக்கத்தில் நிற்கட்டும் என்று வைத்துக்கொள்வோம். விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். அதனால் பாதிக்குச் சற்று மேல் ரிக்கார்டு பிளேயருக்கு, மீதி ஸ்பீக்கருக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஏன் பிளேயருக்குப் பெரிய பங்கு? ரிக்கார்டைத் தொடுவது முள் ஒன்றுதான். ஸ்பீக்கர் சுமாராக இருந்தால் இன்றைக்குப் பாட்டு சுமாராகக் கேட்கும், அவ்வளவுதான். போனஸ் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம். மோசமான முள் பட்ட ரிக்கார்டு போனது போனதுதான். சிக்கனத்தை எங்கே வேண்டுமானாலும் காட்டுங்கள், முள்ளில் மட்டும் காட்டாதீர்கள்.

1. முதலில் பெட்டியைப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் உங்களிடம் என்ன ரிக்கார்டு இருக்கிறது என்று தெரியவேண்டும். 12 அங்குலத் தட்டு என்றால் அநேகமாக எல்பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. 7 அங்குலச் சின்னத் தட்டு பெரும்பாலும் 45 சுற்று, ஆனால் அளவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நம் ஊரில் ‘சூப்பர் 7’ என்று 7 அங்குலத்திலேயே 33⅓ வேகத்தில் ஓடும் தட்டுகளும் வந்தன. நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துவிடுங்கள்.

கனமாக, விறைப்பாக, கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி உடைந்துவிடும் 10 அங்குலத் தட்டு இருந்தால் அது நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் ‘78’. அரக்கில் செய்தது. அதில் முள் ஓடும் பள்ளம் எல்பியின் பள்ளத்தைவிட இரண்டு மூன்று மடங்கு அகலம். எல்பி முள்ளை அதில் வைத்தால் பள்ளத்தின் அடியில் போய் விழுந்து கரகரவென்று உரசும். அதற்குத் தடித்த முள் தனியாக வேண்டும், 78 வேகமும் வேண்டும். பெட்டி முழுக்க 78 தான் என்றால் உங்கள் பட்ஜெட் 30,000-ஐத் தாண்டும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

2. சூட்கேஸ் பிளேயர் வேண்டாம்

ஆன்லைனில் தேடினால் முதலில் வருவது இதுதான். அழகான பெட்டி, உள்ளேயே ஸ்பீக்கர், விலையும் குறைவு. முள்ளின் அசைவை மின்சாரமாக மாற்றும் சின்னப் பாகத்துக்குக் கார்ட்ரிஜ் என்று பெயர். இவற்றில் பெரும்பாலும் செராமிக் என்ற மலிவான வகைதான் இருக்கும். முள் ரிக்கார்டை அழுத்தும் எடை பல மாடல்களில் 5 கிராமைத் தாண்டும். நல்ல பிளேயர்களில் அது 2 முதல் 3 கிராம் வரைதான். போதாததற்கு ஸ்பீக்கர் அதே பெட்டிக்குள் அதிர்கிறது, அந்த அதிர்வு முள்ளுக்குப் போகிறது. தவில் அடி கொஞ்சம் பலமாக விழுந்தால் முள் துள்ளும்.

பரணில் ரிக்கார்டோடு ஒரு எச்எம்வி ஃபியெஸ்டா பிளேயரும் இருந்ததா? துடைத்து ஷோகேஸில் வையுங்கள். எத்தனை வருஷமாக மாற்றாத முள் என்று யாருக்கும் தெரியாத ஒரு பிளேயரில் நல்ல எல்பியை வைக்க நான் சம்மதிக்கமாட்டேன்.

3. பிளேயர்

புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் தேர்வு ஆடியோ-டெக்னிகா ஏடி-எல்பி60எக்ஸ். பட்டன் அழுத்தினால் முள்ளைத் தாங்கும் கை தானே போய் ரிக்கார்டில் இறங்கும், பாட்டு முடிந்ததும் தானே திரும்பும். முள்ளின் எடை தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்டது, நீங்கள் தொட வேண்டியதில்லை. முள் தேய்ந்தால் முள்ளை மட்டும் கழற்றி மாற்றலாம். 33⅓, 45 இரண்டு வேகம்தான், 78 கிடையாது.

78-ம் கேட்கவேண்டும் என்றால் அதே கம்பெனியின் ஏடி-எல்பி120எக்ஸ். மூன்று வேகமும் உண்டு, 78-க்கான தடித்த முள்ளை மாற்றி மாட்டிக்கொள்ளலாம். இதில் எடையை நீங்களே வைக்கவேண்டும், அதைக் கீழே சொல்கிறேன்.

பழைய பிளேயர் மலிவாகக் கிடைத்தால்? ரிக்கார்டை வைக்கும் சுழல்தட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள், உரசும் சத்தம் வரக்கூடாது. அந்த மாடலுக்கு முள்ளும் பெல்ட்டும் இன்றைக்குக் கிடைக்கிறதா என்று போனில் தேடிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். கடைக்காரர் ‘முள் புதுசு சார்’ என்றால் சிரித்துவிட்டு, ஒரு புது முள்ளின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

4. போனோ சமாச்சாரம்

தொடக்கக்காரர்கள் குழம்பும் இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். கார்ட்ரிஜிலிருந்து வரும் மின்சாரம் மிகச் சின்னது, சுமார் 5 மில்லிவோல்ட்டுக்குள். உங்கள் ஸ்பீக்கரின் சாதாரண இன்புட் இதைப்போல ஏறத்தாழ நூறு மடங்கை எதிர்பார்க்கும். இன்னொன்றும் உண்டு. ரிக்கார்டில் பள்ளம் வெட்டும்போதே பேஸை (கனத்த கீழ் ஒலி) குறைத்து, டிரெபிளை (கீச்சென்ற மேல் ஒலி) ஏற்றி வெட்டுகிறார்கள். பேஸை அப்படியே வெட்டினால் பள்ளம் பெரிதாக அலைந்து இடத்தைத் தின்றுவிடும், ஒரு பக்கத்தில் சில பாட்டுதான் கொள்ளும். கேட்கும்போது அதைத் திருப்பிச் சரிசெய்யவேண்டும். இதற்கு ஆர்ஐஏஏ என்று ஒரு பொது அளவு 1950களில் வந்தது. ஒலியைப் பெருக்குவது, பேஸைத் திருப்பித் தருவது, இரண்டையும் செய்யும் சின்னச் சர்க்யூட்தான் போனோ பிரீஆம்ப்.

மேலே சொன்ன இரண்டு பிளேயரிலும் இது உள்ளேயே இருக்கிறது. பின்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும்: ஒரு பக்கம் போனோ, மறுபக்கம் லைன். நேராக ஸ்பீக்கருக்கோ சாதாரண ஆக்ஸ் இன்புட்டுக்கோ மாட்டினால் லைனில் வையுங்கள். போனோ என்று எழுதிய இன்புட் உள்ள பழைய ஆம்பில் (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கரை ஓட்டும் பெட்டி) மாட்டினால் போனோவில் வையுங்கள். பாட்டு கொசு சத்தம் மாதிரி மெலிந்து கேட்டால் பிரீஆம்ப் எங்குமே வேலை செய்யவில்லை. காது கிழிகிற மாதிரி உடைந்து கேட்டால் இரண்டு இடத்தில் வேலை செய்கிறது. இரண்டுக்கும் மருந்து அந்த ஸ்விட்ச்தான்.

5. ஸ்பீக்கர்

ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஜோடி ஸ்பீக்கர் வாங்கினால் வேலை சுலபம். எடிஃபையர் ஆர்1280டி மாதிரி ஒன்று நடுத்தர அறைக்குத் தாராளம். வீட்டில் கேசட் காலத்து ஆம்பும் ஸ்பீக்கரும் சும்மா கிடந்தால் அதையே முதலில் மாட்டிப் பாருங்கள், செலவே இல்லை. சென்னைக்காரர்கள் ரிச்சி தெருவில் வயர், பின் எல்லாம் வாங்கிக்கொள்ளலாம். தங்கமுலாம் பூசிய விலையுயர்ந்த வயரைக் காட்டினால் நகர்ந்துவிடுங்கள்.

6. வைக்கும் இடம்

பிளேயரும் ஸ்பீக்கரும் ஒரே மேசையில் வேண்டாம். சூட்கேஸ் பிளேயரில் சொன்ன அதே காரணம். நம் வீடுகளில் இதற்கென்றே செய்ததுபோல ஒன்று இருக்கிறது: சுவரில் பதித்த கடப்பாக்கல் ஷெல்ஃப். கனமான கல், சுவரோடு இறுகி நிற்பது, குழந்தைகள் ஓடினாலும் அசையாது. ஆனால் எல்பி60எக்ஸுக்கே 37 செ.மீ.க்கு மேல் ஆழம் வேண்டும், மூடி திறக்க மேலேயும் இடம் வேண்டும். டேப் வைத்து அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தைச் சுழல்தட்டின் மேல் வைத்து நான்கு பக்கமும் மட்டம் பாருங்கள். வெயில் படும் ஜன்னல் பக்கம் கூடவே கூடாது. வெயிலில் ரிக்கார்டு அப்பளமாக நெளிந்துவிடும்.

7. மாட்டுவது

எல்பி60எக்ஸில் சுழல்தட்டை வைத்ததும், அதில் உள்ள ஓட்டை வழியாக பெல்ட்டை இழுத்து மோட்டாரின் பித்தளைக் கப்பியில் மாட்டவேண்டும். பெல்ட்டில் ஒரு சின்ன ரிப்பன் இருக்கும், அதைப் பிடித்து இழுத்தால் கை எண்ணெய் பெல்ட்டில் படாது. மாட்டியதும் ரிப்பனை உருவிவிடுங்கள். ‘புது பிளேயர், மோட்டார் ஓடுது, தட்டு சுத்தல’ என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு இந்த பெல்ட்தான்.

எல்பி120எக்ஸ் வாங்கியவர்கள் கையின் பின்னால் உள்ள எடையைச் சுழற்றி, கை மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் அந்தரத்தில் மிதக்கும்படி செய்யுங்கள். முள்ளின் உறையைக் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்யவேண்டும், உறைக்கும் எடை உண்டு. எடையை அசைக்காமல் எண் வளையத்தை மட்டும் 0-க்குத் திருப்புங்கள். பிறகு எடையையும் சேர்த்துச் சுழற்றி 2-இல் நிறுத்துங்கள், அதனுடன் வரும் கார்ட்ரிஜுக்கு 2 கிராம்தான் கணக்கு. கை உள்பக்கமாக இழுபடாமல் தடுக்கும் ஆன்டி-ஸ்கேட்டிங் குமிழும் 2.

வயரில் சிவப்பு வலது, வெள்ளை இடது. பிளேயரில் தனி கிரவுண்ட் வயர் இருந்தால் ஆம்பின் கிரவுண்ட் திருகில் இறுக்குங்கள். ‘ம்ம்ம்’ என்று ஓயாமல் ஒரு உறுமல் கேட்டால் அது நம் கரண்டின் 50 ஹெர்ட்ஸ், முதலில் இந்தத் திருகைப் பாருங்கள்.

8. ரிக்கார்டைக் கழுவுவது

பரணில் கிடந்தது என்றால் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருக்கும். அப்படியே முள்ளை வைக்காதீர்கள். டிஸ்டில்டு வாட்டரில் ஒரே ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, பள்ளம் போகும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். லேபிள் நனையக்கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் ஒரு தரம் துடைத்து, நிழலில் நிறுத்திக் காயவிடுங்கள். 78 தட்டில் ஆல்கஹால் கலந்த எதுவும் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

காய்ந்ததும் வால்யூமைக் குறைத்து வைத்துக்கொண்டு, பெட்டியிலேயே உங்களுக்கு அதிகம் மனசில்லாத ஒரு தட்டை முதலில் ஓடவிடுங்கள். இரண்டு ஸ்பீக்கரிலும் சத்தம் வருகிறதா, கை கடைசி வரை போய்த் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதை எடுக்கலாம். பாட்டுக்குப் பாட்டு முள்ளில் சேரும் பஞ்சு மாதிரித் தூசியை மெல்லிய பிரஷ்ஷால் பின்னாலிருந்து முன்னால் மட்டும் தள்ளுங்கள். ‘ச’, ‘ஷ’ வரும் இடங்களில் பாட்டு சீறத் தொடங்கினால், துடைத்தும் அது போகவில்லை என்றால், புது முள்ளுக்கு ஆர்டர் போட்டுவிடுங்கள்.