முகம் சிவந்து எரிகிறதா? முதலில் எல்லாவற்றையும் நிறுத்துங்கள்

முகம் சிவந்து, தண்ணீர் பட்டாலே காந்துகிறது என்றால் எல்லோரும் உடனே கேட்பது "என்ன தடவலாம்?" என்பதுதான். தயவுசெய்து அந்தக் கேள்வியை இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். ஸ்க்ரப், டோனர், வைட்டமின் சி சீரம், ரெட்டினால், பார்லர் ப்ளீச், கடலை மாவு, எலுமிச்சை, எல்லாம் நிற்கட்டும். புண்பட்ட தோலுக்கு எலுமிச்சையும் ஆப்பசோடாவும் நெருப்பு மாதிரி. வீட்டில் பறித்த கற்றாழையில் வடிகிற மஞ்சள் பால்கூட அரிப்பைக் கூட்டும். இன்னொன்று, நம் ஊர் நிறத்தில் சிவப்பு எப்போதும் சிவப்பாகத் தெரியாது. கன்னம் கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறும், தொட்டால் சூடாக இருக்கும், இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கும். அதையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

ஒரே ஒரு ட்யூபை மட்டும் நிறுத்தும் முன் எடுத்துப் படியுங்கள்: மெடிக்கல் ஷாப்பில் "கலர் வரும், பருவும் போகும்" என்று கொடுத்தது, அல்லது பக்கத்து வீட்டு அக்கா சொல்லி வாங்கியது. பொடி எழுத்தில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. 2018-லேயே இந்த மாதிரி க்ரீம்கள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு சொல்லிவிட்டது, ஆனாலும் கேட்டால் எடுத்துக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. இது ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் நாலே நாளில் சிவப்பு அடங்கி முகம் பளிச்சென்று ஆகிவிடும், அதை நம்பி மாதக்கணக்கில் தடவுவார்கள், தோல் மெலிந்து உள்ளே ஓடுகிற மெல்லிய ரத்தக் குழாய்கள் தெரிய ஆரம்பிக்கும், கன்னத்தில் முடி முளைக்கும், பொரிப் பொரியாகப் பருக்கள் வரும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகச் சிவக்கும். "பார், க்ரீம் இல்லாவிட்டால் இப்படி ஆகிறது" என்று மறுபடி தடவுவார்கள். முகத்தை முழுக்க துப்பட்டாவால் மூடிக்கொண்டே வெளியே போகிற நிலைக்கு வருகிறவர்களைப் பார்த்தால் மனசு தாங்காது. நீங்கள் இதில் மாட்டியிருந்தால் திடீரென்று தூக்கிப் போடாதீர்கள். எப்படிக் குறைத்து விடுவது என்று தோல் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது தண்ணீர். சென்னையில் மே மாதம் காலை பத்து மணிக்கே மொட்டை மாடி டேங்க் தண்ணீர் கொதிக்கும். அதில் முகம் கழுவினால் சிவப்பு எப்படி அடங்கும்? விடியற்காலையிலேயே ஒரு வாளி பிடித்து நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில் சோப்பு சரியாகப் போகாமல் ஒரு படலமாகத் தோலில் தங்கிவிடும், அதுவே எரிக்கும். அதனால் கடைசியாக ஒரு சொம்பு கேன் தண்ணீரோ மெட்ரோ தண்ணீரோ ஊற்றி அலசுங்கள். குளியல் சோப்பு முகத்துக்கு வேண்டாம். நுரை அதிகம் வராத, வாசனை சேர்க்காத க்ளென்சர் ராத்திரி ஒரு முறை போதும், காலையில் வெறும் தண்ணீர். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ரொம்ப எரிந்தால் மெல்லிய பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பத்து நிமிஷம் போட்டு வையுங்கள். ஐஸ் கட்டியை நேராக வைத்துத் தேய்க்க வேண்டாம்.

ஈரம் காயும் முன் மாய்ஸ்சரைசர். "வேர்த்துக் கொட்டுகிற ஊரில் எதற்கு க்ரீம்?" என்று தோன்றும். வியர்வை தோலுக்குப் பாதுகாப்பு ஆகாது, அதில் இருக்கிற உப்பு காந்தத்தான் செய்யும். செராமைட் (தோலில் இயல்பாகவே இருக்கிற ஒரு கொழுப்பு), கிளிசரின் இருக்கிற, வாசனை இல்லாத லேசான லோஷன் வாங்கி, காதுக்குப் பின்னால் ஒரு வாரம் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். வெயிலுக்கு ஜிங்க் ஆக்ஸைடு இருக்கிற சன்ஸ்க்ரீன், எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாமல். கொஞ்சம் வெள்ளையாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, எரிச்சல் குறைவு. வண்டி ஓட்டுபவர்கள் ஹெல்மெட் உள்துணியையும் முகத்தில் கட்டுகிற துணியையும் அடிக்கடி துவையுங்கள், சோப்புத்தூள் போக நன்றாக அலசுங்கள்.

எங்கே சிவக்கிறது என்பதையும் கவனியுங்கள். பொட்டு வைக்கிற இடத்தில் மட்டும் என்றால் ஸ்டிக்கரின் பசை. நெற்றி ஓரம், காது, கண் இமை என்றால் ஹேர் டை. அமோனியா இல்லை என்று போட்டிருந்தாலும் அதில் பி.பி.டி என்கிற, அலர்ஜி உண்டாக்கும் சாய ரசாயனம் இருக்கலாம். மூக்கின் இரு பக்கமும் புருவத்திலும் பிசுபிசுப்பான செதில் உதிர்ந்தால் அது பெரும்பாலும் பொடுகு சம்பந்தப்பட்டது, அங்கே தேங்காய் எண்ணெய் தடவினால் கூடத்தான் செய்யும். சூடான காபி, காரம், வெயில் பட்டதும் கன்னமும் மூக்கும் குப்பென்று சிவந்தால் ரோசேஷியா என்கிற நாள்பட்ட தோல் நோயாக இருக்கலாம்.

இரண்டு வாரத்தில் அடங்கவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். கன்னச் சிவப்போடு மூட்டு வலி, காய்ச்சல், வாய்ப்புண் இருந்தாலோ, கண்ணைச் சுற்றி நீர்க்கொப்புளம் வந்தாலோ, சிவப்பு சூடாகப் பரவி வலித்தாலோ அன்றைக்கே காட்டுங்கள். உதடு வீங்கி மூச்சு முட்டினால் 108. கையில் காசு இல்லை என்று தள்ளிப்போட வேண்டாம், சென்னையில் சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும், ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைகளிலும் தோல் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி சீட்டு போடுங்கள். மேக்கப் இல்லாமல் போங்கள், இதுவரை தடவிய எல்லா ட்யூபையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், முகம் மோசமாக இருந்த நாளில் போனில் எடுத்த படத்தையும் காட்டுங்கள், ஏனென்றால் டாக்டர் முன்னால் உட்காருகிற நேரத்தில் சிவப்பு பாதி அடங்கியிருக்கும்.