நாக்-அவுட் மோதலுக்கு அணி பிரிக்கிறீர்களா? இங்கேதான் கோட்டை விடுவீர்கள்

பேட்மின்டனில் ஆண்கள் அணிகளுக்கான உலகப் போட்டியான தாமஸ் கோப்பையைப் பார்த்துவிட்டு, அதே பாணியில் கல்லூரி அணிக்கோ கிளப் அணிக்கோ ஆள் பிரிக்க உட்காருபவர்கள் வருஷா வருஷம் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். பெயர்ப் பட்டியலைத் தாமதமாகக் கொடுப்பது, ஒரே ஒரு ராக்கெட்டோடு வந்து நிற்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம். ஒரு தடவை பட்டால் தானாகத் திருந்திவிடும்.

அமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: இரு அணிகளுக்கு இடையிலான ஒரு மோதலில் ஐந்து ஆட்டங்கள், மூன்று ஒற்றையர், இரண்டு இரட்டையர், வழக்கமாக மாறி மாறி வரும். லீக்கில் முடிவு தெரிந்த பிறகும் ஐந்து ஆட்டங்களையும் ஆடி முடிப்பார்கள். காலிறுதியிலிருந்து மூன்றாவது வெற்றி வந்ததுமே மோதல் முடிந்தது. மீதி ஆட்டக்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

பெரிய கையைக் கடைசிக்கு ஒளித்து வைப்பது

முடியாது. தாமஸ் கோப்பையில் ஒற்றையர் வரிசை உலகத் தரவரிசைப்படிதான். 2022-ல் இந்தியா கோப்பையை வென்றபோது பிரணாய் ஐந்தாவது ஆட்டத்தில் இறங்கியது யாருடைய தந்திரமும் அல்ல. தரவரிசையில் லக்‌ஷயா சென்னுக்கும் ஸ்ரீகாந்துக்கும் பின்னால் இருந்தார்.

முதல் ஆட்டம் போனதும் முகத்தைத் தொங்கப் போடுவது

அதே 2022-ல், பாங்காக்கில் இந்தியா காலிறுதியில் மலேசியாவிடமும் அரையிறுதியில் டென்மார்க்கிடமும் முதல் ஆட்டத்தை இழந்தது. எதிரே நின்றவர்கள் லீ ஸீ ஜியாவும் விக்டர் ஆக்செல்சனும். இரண்டு மோதலும் 3-2 என இந்தியாவுக்கே வந்தன. எப்பேர்ப்பட்ட ஒற்றையர் வீரரானாலும் அவரால் தர முடிவது ஐந்தில் ஒரு வெற்றிதான். 2014 டெல்லி இறுதியில் மலேசியாவின் லீ சோங் வெய் தன் ஆட்டத்தை வென்றார். கோப்பை ஜப்பானுக்குப் போனது.

இரண்டாவது இரட்டையரைக் கைகழுவுவது

இதைப் பார்த்தால்தான் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. 2022 வெற்றிக்குப் பிறகு இது பெருகியும் விட்டது. காரணம் இருக்கிறது. அந்த வருஷம் காலிறுதி, அரையிறுதி இரண்டிலும் இந்தியாவின் இரண்டாவது ஜோடி நேர் கேம்களில் தோற்றது, அப்படியும் கோப்பை வந்தது. ‘ஒரு நல்ல ஜோடி, மூன்று ஒற்றையர், அது போதும்’ என்று பலரும் முடிவுகட்டிவிட்டார்கள்.

போதாது. ஐந்து ஆட்டமும் பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தில் மூன்றை வெல்லும் வாய்ப்பு 50 சதவீதம். ஒன்றை முன்கூட்டியே தாரை வார்த்தால் மீதி நான்கில் மூன்று வேண்டும். அந்த வாய்ப்பு 31 சதவீதம்தான். அரையிறுதியில் இந்தியாவின் முதல் ஜோடி சாத்விக்–சிராக் மூன்றாவது கேமை 22-20 என்று எடுத்தார்கள். அந்த இரண்டு புள்ளி மாறியிருந்தால் இன்று இந்த ‘போதும்’ பேச்சே இருந்திருக்காது.

2024-ல் செங்டூவில் நடந்த தாமஸ் கோப்பையில் கணக்கு தீர்க்கப்பட்டது. சீனாவுக்கு எதிரான காலிறுதியில் பிரணாயும் சாத்விக்–சிராக்கும் தோற்க, லக்‌ஷயா ஒன்றை மீட்டார். 1-2. அடுத்து வந்தது அதே இரண்டாவது இரட்டையர். 10-21, 10-21. ஐந்தாவது ஆட்டத்துக்குக் காத்திருந்த ஸ்ரீகாந்த் களமிறங்கவே இல்லை.

சிலர் இதற்கு மருந்து என்று முதல் ஜோடியைப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் போடுகிறார்கள். 2022 அரையிறுதியில் டென்மார்க் வழக்கமாகச் சேர்ந்து ஆடும் ஆஸ்ட்ரப்பையும் ராஸ்முசனையும் வேறு வேறு ஜோடிகளில் இறக்கியது. இரண்டாவது இரட்டையர் கிடைத்தது. முதலாவது, மேலே சொன்ன 22-20-ல் போனது. டென்மார்க் தரத்தில் அது தாங்கும். கிளப் தரத்தில் இரண்டு ஜோடியும் கெட்டுப்போகும்.

புது ஜோடி எங்கே உடைகிறது? ஸ்மாஷில் அல்ல. சர்வீஸ் போட்டதும் எதிரி நடுவில் வேகமாகத் தட்டையாகத் தள்ளுவார். வலைக்கு அருகே நிற்பவர் ராக்கெட்டை நீட்டுவார், பின்னால் நிற்பவரும் நீட்டுவார், அல்லது இருவருமே விட்டுவிடுவார்கள். நடுவில் வருவது யாருக்கு என்று வாயால் பேசி முடிவு செய்திருந்தாலும் கை கேட்காது, பழக வேண்டும். அதனால் இரண்டாவது ஜோடியையும் முதல் ஜோடியைத் தேர்வு செய்யும் அன்றே தேர்வு செய்யுங்கள். ஒவ்வொரு பயிற்சியிலும் சர்வீஸ், சர்வீஸை எடுப்பது, மூன்றாவது அடி இந்த மூன்றோடு நிறுத்தி, ஆளுக்கு 40 சர்வீஸ் போடச் சொல்லுங்கள். மிஞ்சிய இரண்டு ஒற்றையர் ஆட்டக்காரர்களைக் கடைசி நிமிடத்தில் சேர்த்து அனுப்பாதீர்கள். அவர்கள் ஷாட்டை அடித்துவிட்டு நடுக்களத்துக்கே திரும்புவார்கள், இருவரும் அங்கேதான் முட்டிக்கொள்வார்கள்.

3-0 என்றால் ஊதித் தள்ளியது என்று நினைப்பது

2022 இறுதியில் இந்தோனேசியாவுக்கு எதிராக லக்‌ஷயா முதல் கேமை 8-21 என இழந்துதான் வென்றார். சாத்விக்–சிராக் நான்கு மேட்ச் பாயின்ட்டுகளைத் தாண்டி வந்தார்கள். அதே 3-0 காரணமாக இந்தோனேசியாவின் ஃபஜார்–ரியான் ஜோடிக்குக் களமே கிடைக்கவில்லை. நம்பகமான ஜோடி நான்காவது இடத்தில் காத்திருக்கும்போதே மோதல் முடிந்துவிடலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஐந்தாம் ஆட்டக்காரரைச் சீக்கிரம் சூடேற்றுவது

நான்காவது ஆட்டம் அரை மணியில் முடியலாம், ஒன்றேகால் மணியும் இழுக்கலாம். மோதல் தொடங்கும்போதே குதிக்க ஆரம்பித்தால் 2-2 ஆகும்போது வியர்வை காய்ந்து உடம்பு இறுகியிருக்கும். நான்காவது ஆட்டத்தின் முதல் கேம் முடியும்வரை லேசான நடை, கணுக்கால், தோள் அசைவுகள் போதும். இரண்டாவது கேமில் 11 புள்ளி வந்ததும் முழு வேகம். மூன்றாவது கேமுக்குப் போனால் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நடந்துகொண்டே இருக்க வேண்டும், உட்காரக் கூடாது.

ஷட்டிலை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துத் திருப்தியாவது

பின் எல்லைக் கோட்டுக்கு மேல் வைத்து, கீழிருந்து முழு வீச்சில், பக்கக் கோட்டுக்கு இணையாக அடியுங்கள். எதிர்ப் பின்கோட்டுக்கு 530 முதல் 990 மி.மீ. முன்னால் விழுந்தால் வேகம் சரி. கூட்டம் ஏறி அரங்கம் சூடானால் அதே ஷட்டில் தூரம் போகும். காலையில் சரியாக இருந்தது மாலையில் வெளியே விழும்.

இடைவேளையில் பிரசங்கம்

21 புள்ளி முறையில், ஒரு பக்கம் 11 புள்ளி எட்டியதும் கிடைப்பது 60 விநாடி. துண்டுக்கும் தண்ணீருக்குமே பாதி போய்விடும். இரண்டு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம்.