வேக்குவம் கிளீனர் தூசியைப் பிடிக்கிறதா, பரப்புகிறதா? வீட்டிலேயே சோதிக்கும் முறை

வேக்குவம் கிளீனர் உறிஞ்சும் காற்று முழுவதும் அதே அறைக்குள்தான் திரும்ப வெளியேறுகிறது. ஃபில்டர் சரியில்லையென்றால், தரையில் கிடந்த நுண்தூசி மூக்கு உயரத்துக்கு எழும்பி, பல மணி நேரம் காற்றில் மிதக்கும். தூசி உண்ணிகளின் எச்சமும் அதில் கலந்திருப்பதால், ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

முதலில் ஒரு சோதனை. இயந்திரத்தை ஈரத்துணியால் துடைத்த முக்காலியின் மேல் வையுங்கள். தரையில் வைத்தால், வெளிவரும் காற்றே தரைத் தூசியைக் கிளப்பி உங்களைக் குழப்பிவிடும். அறையை இருட்டாக்கி, இயந்திரத்தை ஓடவிட்டு, காற்று வெளியேறும் துளைகளுக்குப் பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். ஒளிக்கற்றையில் துகள்கள் தொடர்ந்து பறந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. எதுவும் தெரியவில்லை என்பதற்காக நிம்மதி அடைந்துவிட வேண்டாம்; நுரையீரலின் ஆழம்வரை செல்லும் 2.5 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான துகள்கள் தனித்தனியாகக் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

அடுத்து, ஃபில்டரின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். நுண்துகள்களைப் பிடிக்கும் உயர்திறன் ஃபில்டருக்கு ஹெப்பா (HEPA) என்று பெயர். அமெரிக்க வரையறைப்படி அது 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். பெரிய துகள்கள் நேராகச் சென்று இழைகளில் மோதிவிடுகின்றன, மிகச் சிறியவை தாறுமாறாக அலைந்து ஒட்டிக்கொள்கின்றன. இரண்டுக்கும் இடைப்பட்டவையே எளிதில் தப்புபவை என்பதால்தான் அந்த அளவில் சோதிக்கிறார்கள். ‘ஹெப்பா டைப்’ என்று மட்டும் எழுதியிருந்தால் இந்த அளவுகோலுக்கு உத்தரவாதம் இல்லை.

பிறகு ஃபில்டரைக் கழற்றி, காற்று வெளியேறும் பக்கத்தைப் பாருங்கள். அங்கே விளிம்பையொட்டிச் சாம்பல் நிறக் கோடு படிந்திருந்தால், ரப்பர் வளையம் தளர்ந்து, காற்று ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போகிறது என்று பொருள். எவ்வளவு விலையுயர்ந்த ஃபில்டராக இருந்தாலும் இந்த இடுக்கின் முன் பயனற்றதே.

கழுவலாம் என்று குறிப்பேட்டில் இருந்தால் மட்டுமே கழுவுங்கள். ஒரு நாள் முழுக்க நிழலில் காயட்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு மாட்டியதில், எங்கள் கூடத்தில் ஒரு வாரம் பூஞ்சை வாடை அடித்தது. தூசிக் கலத்தை வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் அணிந்து, பைக்குள் இறக்கி மெதுவாகக் கவிழ்த்து, உடனே முடிச்சுப் போட்டுவிடுங்கள்.