பீங்கான் பல்லை ஒட்டுவது எப்படி: பசைக்கு முன் பரப்பைப் பாருங்கள்

கழன்று வந்த பீங்கான் கிரவுனை (பல்லின் மேல் மாட்டும் உறையை) கழுவுவதற்கு முன், அதன் உட்புறத்தை உருப்பெருக்கியில் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். சிமென்ட் (ஒட்டும் பசை) முழுவதும் பல்லின் மேல் தங்கிவிட்டு, கிரவுனின் உட்புறம் வெறுமையாக இருந்தால், பிடிப்பு விட்டது பீங்கான் பக்கத்தில். சிமென்ட் கிரவுனுக்குள் ஒட்டியிருக்க, பல் துடைத்தாற்போல் தெரிந்தால், விட்டது பல்லின் பக்கத்தில். இரண்டிலும் திட்டுத் திட்டாகச் சிமென்ட் இருந்தால், சிமென்டே நடுவில் கிழிந்திருக்கிறது. அது சரியாக இறுகியிருந்த பட்சத்தில், இரு பக்கப் பிடிப்பும் தாங்கியிருப்பதால், மூன்றிலும் ஓரளவு நல்ல செய்தி இதுதான். இந்த ஒரு நிமிடப் பார்வையைத் தவறவிட்டு, அதே கிரவுனை அதே முறையில் மறுபடி ஒட்டினால், அது மறுபடி கழல்வதற்கே வாய்ப்பு அதிகம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் பல் மருத்துவம் பார்ப்பவர்களுக்குத் தீபாவளியை ஒட்டிய நாட்களில் இந்தப் பார்வைக்கு வாய்ப்புக் குறைவில்லை. முறுக்கைக் கடித்தேன், கையோடு வந்துவிட்டது என்பார்கள். முறுக்கு வெறும் சாக்குதான். ஒழுங்காக ஒட்டிய கிரவுன் முறுக்குக்கு அசையாது. நாற்காலியில் சாய்ந்திருக்கும் ஆயா, “தம்பி, இந்தத் தடவையாவது நல்ல பசையாப் போடுப்பா” என்று கேட்பது நியாயமான கோரிக்கைதான். ஆனால் எவ்வளவு விலை உயர்ந்த பசையும் தயார் செய்யப்படாத பரப்பில் நிற்காது என்பதையும், ஒரு பீங்கானுக்கு ஏற்ற தயாரிப்பு இன்னொன்றுக்கு வீணாகவோ கேடாகவோ முடியலாம் என்பதையும், அவருக்கு இல்லாவிட்டாலும், இப்போது படித்து முடித்து வரும் இளம் மருத்துவர்களுக்கும் ஆய்வகத்தில் வேலை செய்யும் நண்பர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், கையில் இருப்பது என்ன பீங்கான்?

பல் பீங்கான்களை ஒட்டும் நோக்கில் பிரிக்க ஒரே கேள்வி போதும்: அதில் கண்ணாடிப் பகுதி உண்டா, இல்லையா? ஃபெல்ட்ஸ்பாதிக் போர்சலின், லூசைட் கலந்த பீங்கான், லித்தியம் டைசிலிகேட் ஆகியவற்றில் சிலிக்கா நிறைந்த கண்ணாடிப் பகுதி உண்டு. சிர்கோனியாவில் அது கிடையாது. அது முழுவதும் நுண்படிகங்களால் ஆனது. பொருளின் வலிமைக்கும் ஒட்டும் தன்மைக்கும் தொடர்பு இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1000 மெகாபாஸ்கலுக்கு மேல் வளைவு வலிமை கொண்ட வழக்கமான சிர்கோனியாதான் ஒட்டுவதற்கு மிகவும் முரண்டு பிடிக்கும். அதன் வலிமையில் பாதிகூட எட்டாத லித்தியம் டைசிலிகேட் பசைக்கு எளிதில் இணங்கும்.

ஆய்வகத்திலிருந்து வரும் சீட்டில் பெரும்பாலும் நிற எண் இருக்கும், பொருளின் பெயர் இருக்காது. வெட்கப்படாமல் தொலைபேசியில் கேட்டுவிடுவதே நல்லது. “அண்ணா, இது டைசிலிகேட்டா, சிர்கோனியாவா? உள்ளே அமிலம் வைத்துவிட்டீர்களா?” என்று கேட்டால், “வெச்சாச்சு தம்பி, சைலேன் மட்டும் நீங்க போட்டுக்கோங்க” என்று பதில் வரும் (அமிலம் பரப்பை அரிப்பதற்கு, சைலேன் பீங்கானையும் பசையையும் இணைப்பதற்கு). இந்த இரண்டு வரிப் பேச்சு நடக்காததால், யாருமே அமிலம் வைக்காத வெனீரும் (பல்லின் முகப்பில் ஒட்டும் மெல்லிய பீங்கான் ஓடும்) உண்டு, இருவரும் வைத்து அளவுக்கு மீறி அரிக்கப்பட்ட வெனீரும் உண்டு. வேறெங்கோ செய்த பழைய கிரவுன் என்றால், உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்: சிர்கோனியாவின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 6 கிராம், டைசிலிகேட்டுடையது சுமார் 2.5 கிராம், ஒரே அளவு கிரவுன்களில் இந்த வேறுபாட்டைப் பழகிய கை உணரும். எக்ஸ்ரே படத்தில் சிர்கோனியா உலோகத்தைப் போலவே அழுத்தமான வெள்ளையாகத் தெரியும்.

கண்ணாடிப் பகுதி உள்ள பீங்கான்கள்

இவற்றுக்கு வழி 1983இலேயே தெளிவாகிவிட்டது. அந்த ஆண்டு சைமன்சனும் கலாமியாவும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் பீங்கானின் பரப்பை அரித்தால் ரெசின் (பிசின் வகைப் பசைப்பொருள்) அதில் உறுதியாகப் பிடிக்கிறது என்று காட்டினார்கள். அமிலம் கண்ணாடிப் பகுதியைக் கரைத்துப் படிகங்களை வெளியே நிறுத்துகிறது. அவற்றின் இடுக்குகளில் ரெசின் புகுந்து இறுகுகிறது.

காலம்தான் இங்கே முக்கியம். லித்தியம் டைசிலிகேட்டுக்கு 5% அமிலம் 20 நொடி போதும். லூசைட் வகைக்கு அதே அமிலம் 60 நொடி. ஃபெல்ட்ஸ்பாதிக் வகைக்கு, தயாரிப்பாளர் சொல்லும் செறிவைப் பொறுத்து, ஒன்று முதல் இரண்டு நிமிடம் வரை ஆகும். இன்னும் கொஞ்சம் வைத்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்ற எண்ணம் தவறு. அளவுக்கு மீறி அரித்தால் பீங்கானே பலவீனப்படும், மெல்லிய வெனீரில் அது விரிசலாக வெளிப்படும். மணல் வீசிச் சொரசொரப்பாக்கும் வேலையையும் இவ்வகையில் தவிர்த்துவிடுவது நல்லது.

அமிலத்தைக் கழுவி உலர்த்தியதும் பரப்பு மங்கலான வெண்மையாகத் தெரிய வேண்டும். அதற்கு மேல் சுண்ணாம்புத் தூள் பூசியதுபோல் அடர்ந்த வெள்ளைத் திட்டுகள் இருந்தால், அவை அரிப்பின் அடையாளம் அல்ல; கரைந்த கண்ணாடியின் கழிவு உப்புகள் மீண்டும் படிந்தவை. அவற்றை விட்டுவைத்தால் பசை அந்தக் கழிவின் மேல்தான் ஒட்டும். சுமார் 37% பாஸ்போரிக் அமிலத்தைச் சிறு தூரிகையால் ஒரு நிமிடம் தேய்த்துக் கழுவினாலோ, காய்ச்சி வடித்த நீரில் அல்ட்ராசோனிக் தொட்டியில் ஐந்து நிமிடம் வைத்தாலோ அவை நீங்கும்.

பிறகு சைலேன். இதன் மூலக்கூறின் ஒரு முனை பீங்கானின் சிலிக்காவோடு இணைகிறது, மறுமுனை ரெசினோடு இணைகிறது. மெல்லிய ஒரு பூச்சு, ஒரு நிமிடக் காத்திருப்பு, பின்னர் நன்றாக உலர்த்தல். வெதுவெதுப்பான காற்றில் உலர்த்தினால் கரைப்பானும் நீரும் வெளியேறிப் பிணைப்பு மேம்படும். தாராளமாகப் பூசுவது இங்கே பலன் தராது, தடித்த சைலேன் படலமே பலவீனமான அடுக்காகிவிடும். தெளிவாக இருக்க வேண்டிய சைலேன் கலங்கிப் பால்போல் ஆகியிருந்தால் அது பயன் இழந்துவிட்டது. தேதி மீதமிருந்தாலும் புட்டியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். சைலேனும் சேர்ந்தே இருக்கிறது என்று விற்கப்படும் யுனிவர்சல் பாண்டிங் திரவங்கள் பல்லுக்கு நன்று. ஆனால் அமிலத்தன்மையுள்ள கரைசலில் சைலேன் நெடுநாள் நிலைப்பதில்லை என்பதால், கண்ணாடிப் பீங்கானுக்குத் தனிச் சைலேனையே நான் விரும்புகிறேன்.

சிர்கோனியா

சிர்கோனியாவை மேற்சொன்ன அமிலத்தில் எத்தனை நேரம் வைத்தாலும், கிளினிக்கில் பயன்படும் செறிவிலும் வெப்பத்திலும், பயனுள்ள அரிப்பு நடக்காது. கரைவதற்குக் கண்ணாடி இல்லை, சைலேன் பிடிக்கச் சிலிக்காவும் இல்லை. இதற்கு மூன்று படிகள் உண்டு. முதலில் 50 மைக்ரான் அலுமினாத் துகளை 1 முதல் 2 பார் அழுத்தத்தில், சுமார் 10 மில்லிமீட்டர் தொலைவிலிருந்து, உட்புறத்தில் மட்டும் வீச வேண்டும். அடுத்து எம்டிபி எனப்படும் பாஸ்பேட் மோனோமர் கொண்ட பிரைமர், அதாவது பசைக்கு முன் பூசும் திரவம். கடைசியில் ரெசின் சிமென்ட். எம்டிபியை ஜப்பானின் குராரே நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கியது. அதன் பாஸ்பேட் முனை சிர்கோனியாவின் ஆக்சைடு பரப்போடு வேதிப் பிணைப்புக் கொள்கிறது. ஒளி ஊடுருவல் மிகுந்த புதிய சிர்கோனியாக்களில் யிட்ரியா என்ற சேர்க்கை ஆக்சைடு அதிகம். அவற்றுக்கு விரிசலைத் தடுக்கும் இயல்பு குறைவு என்பதால் அழுத்தத்தைக் கீழ் எல்லையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. வாயில் பொருத்திப் பார்த்த கிரவுனில் எச்சில் படும். எச்சிலிலுள்ள பாஸ்போலிப்பிடுகள் சிர்கோனியாவில் இறுகப் பற்றும், தண்ணீரில் கழுவினால் போகாது. பழக்கத்தில் பாஸ்போரிக் அமிலத்தை எடுத்துவிடக் கூடாது. கண்ணாடிப் பீங்கானில் அழுக்கை நீக்கும் அதே அமிலம், சிர்கோனியாவில் தன் பாஸ்பேட்டை விட்டுச் சென்று, எம்டிபி அமர வேண்டிய இடங்களைத் தானே அடைத்துக்கொள்கிறது. இதற்கெனத் தயாரிக்கப்பட்ட சுத்திகரிப்புப் பசையைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் பொருத்திப் பார்ப்பதையெல்லாம் முடித்த பிறகே துகள் வீசுங்கள்.

ரெசின் கலந்த கலப்பினப் பொருள்களுக்குப் பொது விதி சொல்வது கடினம். பீங்கான் வலைப்பின்னலுக்குள் ரெசின் புகுத்தப்பட்ட வகைக்கு 5% அமிலம் 60 நொடியும் சைலேனும் ஏற்றவை. ரெசினுக்குள் நுண்துகள் கலந்த வகைக்குத் துகள் வீச்சும் சைலேனும். இரண்டாவது வகையைச் சேர்ந்த ஒரு பொருளைக் கிரவுனுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று, கழலும் புகார்கள் மிகுந்ததால், அதன் தயாரிப்பாளரே 2015இல் அறிவிக்க நேர்ந்தது.

எந்தச் சிமென்ட்?

ஜிங்க் பாஸ்பேட் சிமென்ட் பீங்கானோடு ஒட்டுவதே இல்லை. பல் செதுக்கப்பட்ட வடிவமே கிரவுனைத் தாங்குகிறது. கிளாஸ் அயனோமரும் ரெசின் கலந்த கிளாஸ் அயனோமரும் பல்லோடு ஓரளவு இணையும், பீங்கானோடு இணைவது மிகக் குறைவு. பல் 4 மில்லிமீட்டர் உயரமும் சரியான சரிவும் கொண்டிருந்தால், வலிமையான சிர்கோனியா கிரவுனுக்கு இவை போதும். இதைத் தரக்குறைவான சிகிச்சை என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. குட்டையான பல், மெல்லிய வெனீர், இன்லே (பல்லின் குழிக்குள் பொருத்தும் துண்டு), ஒரு பக்கம் மட்டும் ஒட்டும் பாலம் ஆகியவற்றுக்கு இவை உதவாது.

தனியே பிரைமர் வேண்டாத, தானே ஒட்டும் ரெசின் சிமென்ட்கள் நடுத்தரம். பாஸ்பேட் மோனோமர் உள்ளதால் துகள் வீசிய சிர்கோனியாவில் நன்றாகப் பிடிக்கும். கண்ணாடிப் பீங்கானுக்கு அமிலமும் சைலேனும் அப்போதும் தேவை. பல்லையும் பீங்கானையும் தனித்தனியே தயார் செய்து போடும் ரெசின் சிமென்டே பிடிப்பில் முதலிடம். முன்பல் வெனீருக்கு ஒளியால் மட்டும் இறுகும் வகையைத் தேர்ந்தெடுங்கள். தானாகவும் இறுகும் வகைகளில் பலவற்றில் உள்ள அமீன், காலப்போக்கில் மஞ்சளிக்கும். தற்காலிகக் கிரவுனுக்கு யூஜெனால் கலந்த சிமென்டைத் தவிர்க்க வேண்டும், அது ரெசின் இறுகுவதைத் தடுக்கும்.

விற்பனைப் பிரதிநிதி பிடிப்பு வலிமையாகக் காட்டும் மெகாபாஸ்கல் எண்ணைப் பார்க்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: இது ஒரு நாள் நீரில் வைத்துச் சோதித்ததா, 5 முதல் 55 டிகிரி வரை ஆயிரக்கணக்கான முறை வெப்பமும் குளிரும் மாற்றிச் சோதித்ததா? தயார் செய்யாத சிர்கோனியாவில் முதல் நாள் கவர்ச்சியாகத் தெரியும் எண்கள் இரண்டாவது சோதனையில் சரிந்துவிடும். வெவ்வேறு ஆய்வகங்களின் எண்களை ஒப்பிடுவதும் வீண். சோதனை முறை மாறினாலே எண் மாறும்.

ஈரமும் ஒளியும்

டர்பன் கடலோர நகரம். ஜனவரி, பிப்ரவரியில் காற்றே ஈரமாக இருக்கும். கம்ப்ரசர் அந்தக் காற்றை இழுத்து அமுக்கும்போது நீர் தொட்டியில் தங்கும். அதை வடிக்காவிட்டால் சைலேனை உலர்த்துகிறோம் என்று எண்ணிக்கொண்டு நீரையும் எண்ணெயையும் அதன் மேல் தெளித்துக்கொண்டிருப்போம். சோதிப்பது எளிது: காற்றுச் சிரிஞ்சை உலர்ந்த வாய்க்கண்ணாடியின் மேல் சில நொடி ஊதுங்கள். பனிப்படலமோ புள்ளிகளோ தெரிந்தால், தொட்டியை வடித்து வடிகட்டியைப் பார்க்கும்வரை எதையும் ஒட்டாதீர்கள். குளிர்பெட்டியில் வைக்கும் பிரைமரை, அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும்.

2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, சிமென்டை இறுக்கும் மின்கல ஒளிக்கருவிகளை எல்லோரும் நம்பினோம். சார்ஜ் குறைந்த நிலையிலும் நீல ஒளி கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஒளியின் அளவைக் காட்டும் ரேடியோமீட்டரில் வைத்தால்தான் உண்மை தெரியும். பீங்கான் 2 மில்லிமீட்டருக்கு மேல் தடித்தால் ஒளியை மட்டும் நம்பாமல், தானாகவும் இறுகும் சிமென்டைப் போடுங்கள். ஓரத்தில் பிதுங்கிய சிமென்டை இரண்டு மூன்று நொடி ஒளி காட்டிப் பாதி இறுகியதும் நீக்கி, விளிம்பில் கிளிசரின் ஜெல் தடவி முழு ஒளி காட்ட வேண்டும். ஆக்சிஜன் படும் மேலடுக்கு இறுகாது.

வாய்க்குள்ளேயே உடைந்த பீங்கானைப் பழுது பார்க்கும்போது ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை ரப்பர் டேம் (பல்லைச் சுற்றி மாட்டும் ரப்பர் திரை) இல்லாமல் திறக்கவே கூடாது. தோலில் பட்டால் வலி தாமதமாகத் தொடங்கும், அதற்குள் அது ஆழத்துக்கு இறங்கிவிடும். 2.5% கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில், காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். பட்டவுடன் நீரில் நெடுநேரம் கழுவி, அந்த ஜெல்லைத் தடவி, மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். டென்டின் (எனாமலுக்கு அடியில் உள்ள பல்லின் அடுக்கு) திறந்திருக்கும் இடத்தில் இந்த அமிலம் பட்டால் பல் பக்கத்துப் பிடிப்பே கெடும் என்பதால், அங்கே சிலிக்கா பூசிய 30 மைக்ரான் துகளை வீசிச் சைலேன் இடும் முறையைப் பின்பற்றுங்கள்.