டிராஃப்ட் பிக்கையும் சேலரி கேப்பையும் ஒரே தாளில் எழுதுங்கள்

ஆறு வருஷமாக நாங்கள் பன்னிரண்டு பேர் ஒரு லீக் நடத்துகிறோம். ஆளுக்கு ஒரு என்எஃப்எல் (அமெரிக்க ஃபுட்பால் லீக்) அணி, தாளில் மட்டும். நிஜ வீரர்கள், நிஜ காண்ட்ராக்ட், நிஜ கேப் விதிகள். யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது, டிராஃப்டில் யாரை எடுப்பது என்பது மட்டும் எங்கள் முடிவு. டிராஃப்ட் என்றால் அணிகள் வருஷா வருஷம் சுற்று சுற்றாகப் புது ஆட்களைத் தேர்ந்தெடுப்பது, அதில் ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு பிக். சேலரி கேப் என்றால் ஓர் அணி வருஷச் சம்பளத்துக்குத் தாண்டக் கூடாத உச்சவரம்பு. முதல் இரண்டு வருஷம் டிராஃப்டுக்கு ஒரு நோட்டு, சம்பளக் கணக்குக்கு ஒரு நோட்டு என்று தனித்தனியாக வைத்திருந்தேன். மூன்றாம் வருஷம் இரண்டும் சேர்ந்து என் கழுத்தைப் பிடித்தன. புதிதாக வருகிற எல்லோரும் அதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பிக் என்றால் ஆள், கேப் என்றால் பணம் என்று பிரித்து வைக்கிறார்கள். பிக்கும் பணம்தான். நான்கு வருஷத்துக்கு விலை முன்பே முடிவான ஒரு ஆளுக்கான சீட்டு அது.

அது எப்போது அப்படி ஆனது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும். 2010-இல் முதல் பிக்காக வந்த சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருஷத்துக்கு 7.8 கோடி டாலர் பேசினார்கள். அதில் 5 கோடி உத்தரவாதம். ஒரு பந்துகூட வீசாத பையனுக்கு! 2011-இல் லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் புதிய ஒப்பந்தம் வந்து, ரூக்கி (புதிதாக வந்த ஆள்) சம்பளத்தைப் பிக் எண்ணோடு கட்டிப்போட்டார்கள். அந்த வருஷம் முதல் பிக்கான கேம் நியூட்டனுக்கு நான்கு வருஷத்துக்குச் சுமார் 2.2 கோடிதான். அன்றிலிருந்து டிராஃப்டில் சரியாக எடுத்த ஆள்தான் அணியின் பெரிய சேமிப்பு.

சரி, தாளை எடுங்கள். இடது பக்கம் வீரர்கள் பெயர். மேலே குறுக்காக இந்த வருஷமும் அடுத்த மூன்று வருஷமும். ஒவ்வொரு பெயருக்கும் நேரே அந்தந்த வருஷத்துக் கேப் தொகை. எல்லோரும் இதுவரை செய்கிறார்கள். நான் கூடுதலாகச் செய்வது, இன்னும் எடுக்காத பிக்குகளையும் பெயர் போல எழுதுவது. ‘அடுத்த வருஷ முதல் சுற்று’, ‘அடுத்த வருஷ இரண்டாம் சுற்று’ என்று. முதல் சுற்று ஆள் நான்கு வருஷம் நிற்பான், ஐந்தாவது வருஷம் அணி விரும்பினால் நீட்டிக்கலாம். அந்த முடிவை அவனுடைய மூன்றாவது சீசனுக்கு அடுத்த மே மாதத் தொடக்கத்துக்குள் சொல்லிவிட வேண்டும். 2020 ஒப்பந்தத்துக்குப் பிறகு, சொன்னால் அந்தப் பணம் முழுக்க உத்தரவாதம். மற்ற சுற்று ஆட்களுக்கு நான்கே வருஷம். டிராஃப்டில் எடுத்த எந்த ரூக்கிக்கும் மூன்றாவது சீசன் முடியும்வரை காண்ட்ராக்டை மாற்றிப் பேச முடியாது. ஆக, ஒவ்வொரு ரூக்கிக்கும் மூன்றாவது சீசன் முடிகிற கட்டத்தைச் சிவப்பு மையால் வட்டமிடுகிறேன். பில் அங்கேதான் வருகிறது.

ஒரே கோடையில் நான்கு சிவப்பு வட்டம் வந்தால் அபாயம். நால்வரையும் தக்கவைக்க முடியாது. அப்படி ஒரு வருஷம் தெரிந்தால் இரண்டு வருஷம் முன்பே அந்த இடங்களுக்கு ஆள் எடுக்க ஆரம்பியுங்கள். ஒரு வருஷம் பின்னால் உட்கார்ந்து பழகிய ஆள், மறு வருஷம் ஆட வேண்டும்.

இதில் தொடக்கத்தில் பலரும் ஒன்றைத் தப்பாகப் போடுகிறார்கள். ஏழு பிக் இருந்தால் ஏழு சம்பளத்தையும் அப்படியே கேப்பில் கூட்டிவிடுகிறார்கள். சீசன் தொடங்கும்வரை சம்பளத்தில் முதல் 51 பேருடைய தொகைதான் கணக்கு. புதிய ஆள் உள்ளே வந்தால் 51-ஆவது ஆள் கணக்கிலிருந்து வெளியே போகிறான். 2025-இல் குறைந்தபட்ச ரூக்கி சம்பளம் 8.4 லட்சம் டாலர். ஆறாம், ஏழாம் சுற்று ஆட்களும் ஏறக்குறைய அதே விலைதான். ஆகவே கடைசிச் சுற்றுகளுக்குப் புதிதாக இடம் ஒதுக்கத் தேவையே இல்லை. முதல் இரண்டு சுற்றுக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

இனி எந்தப் பொசிஷனை டிராஃப்டில் எடுப்பது, எதைச் சந்தையில் வாங்குவது. என் முறையின் உயிர்நாடி இதுதான். ரூக்கி சம்பளம் பிக் எண்ணைப் பார்க்கும், பொசிஷனைப் பார்க்காது. பத்தாவது பிக்கில் லெஃப்ட் டேக்கிள் (பந்து வீசுபவரைக் காக்கும் லைன்மேன்) எடுத்தாலும் ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) எடுத்தாலும் ஒரே தொகை. சந்தையில் அப்படியா? 2024-இல் டிரிஸ்டன் வர்ஃப்ஸ் என்ற டேக்கிள் வருஷத்துக்கு 2.8 கோடிக்கு மேல் கையெழுத்திட்டார். அதே வருஷம் ரன்னிங் பேக் சாக்வான் பார்க்லி ஈகிள்ஸ் அணிக்கு மூன்று வருஷத்துக்கு 3.775 கோடிக்குப் போனார், வருஷத்துக்கு 1.26 கோடி கூட இல்லை. அந்த பார்க்லி 2018-இல் இரண்டாவது பிக். அப்போதே நான்கு வருஷத்துக்குச் சுமார் 3.1 கோடி. எவ்வளவு அருமையாக ஆடினாலும் அந்த இடத்தில் மிச்சம் குறைவு. குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்), டேக்கிள், எட்ஜ் (எதிரணி குவார்ட்டர்பேக்கைத் துரத்துபவர்), வைட் ரிசீவர் (வீசிய பந்தைப் பிடிப்பவர்), கார்னர் (அந்த ரிசீவரைத் தடுப்பவர்) இவர்களை டிராஃப்டில் எடுங்கள். ரன்னிங் பேக், சேஃப்டி (டிஃபென்ஸின் கடைசிக் காவல்), உள்பக்க லைன்பேக்கர் (டிஃபென்ஸின் நடுவரிசை ஆள்) இவர்களைக் கடையில் வாங்குங்கள். ஈகிள்ஸ் 2024-இல் செய்தது ஏறக்குறைய இதுதான். டிராஃப்டில் முதல் இரண்டு பிக்கும் டிஃபென்ஸின் பின்வரிசைக்கு: 22-ஆவதாகக் குவின்யான் மிட்செல், 40-ஆவதாகக் கூப்பர் டிஜீன். ஃப்ரீ ஏஜென்சியில், அதாவது காண்ட்ராக்ட் முடிந்த ஆட்களின் சந்தையில், பார்க்லி. லைன்பேக்கர் ஸாக் பானை ஒரு வருஷத்துக்கு 35 லட்சத்துக்கு எடுத்தார்கள். 2025 பிப்ரவரியில் சூப்பர் பவுல் (லீக்கின் இறுதி ஆட்டம்) அவர்கள் கையில்.

அடுத்தது போனஸ் தவணை. என் மூன்றாம் வருஷக் கதை இங்கேதான். சைனிங் போனஸை (கையெழுத்துக்காகத் தரும் பணம்) உடனே கையில் கொடுத்தாலும், கேப்பில் அதிகபட்சம் ஐந்து வருஷத்துக்குப் பிரித்து எழுதலாம். என்னிடம் ஒரு டேக்கிள் இருந்தார், மூன்று வருஷம் பாக்கி, அந்த வருஷச் சம்பளம் 1.7 கோடி. அதில் 1.5 கோடியைப் போனஸாக மாற்றினேன். வருஷத்துக்கு 50 லட்சமாகப் பிரிந்தது. மிச்சச் சம்பளம் 20 லட்சம், இந்த வருஷப் பங்கு 50 லட்சம், மொத்தம் 70 லட்சம். 1 கோடி இடம் கிடைத்தது. அந்த இடத்தில் முப்பது வயது ரிசீவர் ஒருவரைக் கொண்டுவந்தேன், அவருக்காக இரண்டாம் சுற்று பிக்கையும் கொடுத்தேன். மறு வருஷம் டேக்கிளுக்கு முட்டி போயிற்று. விடுவித்தேன். பாக்கி இரண்டு வருஷத்துப் போனஸ், அதாவது 1 கோடி, ஒரே நாளில் டெட் மணியாக, அதாவது அணியில் இல்லாத ஆளுக்கான கேப் தொகையாக, வந்து விழுந்தது. அவர் இடத்தில் ஆட வேண்டிய பையன் யார்? நான் கொடுத்துவிட்ட அந்த இரண்டாம் சுற்று பிக். வருஷத்துக்கு 20 லட்சம் சொச்சத்தில் முடிந்திருக்க வேண்டிய இடத்துக்குச் சந்தை விலை கொடுத்தேன்.

அதனால் இப்போது ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். ஒரு வீரரின் போனஸை எதிர்காலத்துக்குத் தள்ளினால், அந்த வருஷமும் அடுத்த வருஷமும் முதல் மூன்று சுற்று பிக்குகளைத் தொடுவதில்லை. கடன் ஒரு பக்கம், விதைநெல்லை விற்பது இன்னொரு பக்கம், இரண்டையும் ஒன்றாகச் செய்யக் கூடாது. விடுவித்தே ஆக வேண்டும் என்றால் ஜூன் 1 விதி இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு பேரை அந்தக் கணக்கில் விடலாம். இந்த வருஷப் பங்கு இப்போது, மீதி அடுத்த வருஷம். வலி குறையாது, பிரியும். ரஸல் வில்சனை விட்டபோது டென்வர் 8.5 கோடியை இப்படித்தான் 2024-க்கு 5.3, 2025-க்கு 3.2 என்று பிரித்தது.

அப்படியென்றால் ராம்ஸ் அணி? 2017 முதல் 2023 வரை முதல் சுற்றில் ஒருவரைக்கூட எடுக்காமல் 2022 பிப்ரவரியில் சூப்பர் பவுல் ஜெயித்தார்களே என்று எங்கள் லீக்கில் அடிக்கடி கேட்பார்கள். ஜேலன் ராம்ஸிக்கு இரண்டு முதல் சுற்று, மேத்யூ ஸ்டாஃபோர்டுக்கு இரண்டு முதல் சுற்று கொடுத்தார்கள், உண்மை. ஆனால் அந்த ஆட்டத்தின் நாயகன் கூப்பர் கப் 2017-இல் மூன்றாம் சுற்றில் வந்தவர். பெரிய பிக்கை விற்றவர்கள் சின்ன பிக்கைச் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். அதற்கு நல்ல வழி காம்பென்சேட்டரி பிக். உங்கள் ஃப்ரீ ஏஜென்டை வேறு அணி பெரிய விலைக்குக் கொண்டுபோனால், நீங்கள் அதே அளவுக்கு வெளியே வாங்காமல் இருந்தால், அடுத்த வருஷம் மூன்றாம் சுற்றிலிருந்து ஏழாம் சுற்று வரை ஏதாவது ஒன்றில் கூடுதல் பிக் கிடைக்கும். மார்ச் மாதத்தில் யாரையாவது வாங்கத் துடிக்கும்போது, அந்த வாங்கல் எந்தப் பிக்கை அழிக்கிறது என்று பக்கத்தில் எழுதிவிட்டு வாங்குங்கள். வேறு அணி விடுவித்த ஆளை எடுத்தால் அந்தக் கணக்கில் வராது. நான் முதலில் தேடுவது அவர்களைத்தான்.

குவார்ட்டர்பேக் வந்தால் தாளையே இரண்டாகப் பிரிக்க வேண்டும்: அவருக்குப் பணம் கொடுப்பதற்கு முன், கொடுத்த பின். பிராக் பர்டி 2022 டிராஃப்டில் கடைசி ஆள், 262-ஆவது. 2023-இல் சம்பளம் 8.7 லட்சம். அந்த இடைவெளியில் ஃபார்ட்டிநைனர்ஸ் நிக் போஸாவுக்கு ஐந்து வருஷம் 17 கோடி கொடுக்க முடிந்தது, சூப்பர் பவுலுக்கும் போனார்கள். 2025-இல் பர்டிக்கு ஐந்து வருஷம் 26.5 கோடி. அதற்கு முன்பே அந்த வசந்தத்தில் டீபோ சாமுவேலை ஐந்தாம் சுற்று பிக்குக்கு அனுப்பினார்கள். டிரே கிரீன்லா, சார்வேரியஸ் வார்டு, டலனோவா ஹுஃபாங்கா மூவரும் போனார்கள். அதில் அவசரம் எதுவும் இல்லை, அந்த பில் எந்த வருஷம் வரும் என்று எல்லோருக்கும் தெரிந்ததுதான். உங்கள் பையன் மலிவாக இருக்கும் வருஷங்களில் வயதானவர்களைக் குறுகிய காண்ட்ராக்டில் வாங்குங்கள். அவருக்குப் பணம் கொடுக்கும் வருஷத்துக்கு முந்தைய இரண்டு டிராஃப்டிலும் பிக்கைக் கூட்டுங்கள், பிக்குகளைக் கொடுத்து டிராஃப்ட் வரிசையில் மேலே ஏறப் பேரம் பேசாதீர்கள்.

பிக்குகளை மாற்றிக்கொள்ளும் பேரத்துக்கு, பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் காலத்து கௌபாய்ஸ் அணியின் பிக் மதிப்பு அட்டவணையை இன்றும் சிலர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் முதல் பிக்குக்கு 3000 புள்ளி, 16-ஆவதுக்கு 1000, 32-ஆவதுக்கு 590. அது சம்பளக் கட்டுப்பாடு வருவதற்கு முந்தைய காலத்தது, பேச்சைத் தொடங்க உதவும். கேட் மாஸியும் ரிச்சர்டு தேலரும் ஆராய்ந்து சொன்னது, சம்பளத்தைக் கழித்துப் பார்த்தால் உச்சிப் பிக்குகளைவிட இரண்டாம் சுற்றுப் பக்கம்தான் லாபம் என்பது. என் தாளிலும் அதுதான் தெரிகிறது. குவார்ட்டர்பேக் தேவை இல்லாத வருஷத்தில் யாராவது மேலே வரக் கேட்டால் நான் கீழே இறங்கிவிடுவேன்.

இந்த வருஷம் என் தாளில் இரண்டு சிவப்பு வட்டம். ஒரு கார்னர், ஒரு கார்டு (டேக்கிளுக்கு உள்பக்கம் நிற்கும் லைன்மேன்). கார்னருக்குக் கேப்பில் 2 கோடி ஒதுக்கிவிட்டேன். கார்டு போகட்டும், அவன் இடத்துக்குப் போன டிராஃப்டின் மூன்றாம் சுற்றுப் பையன் தயார். செலவழியாத 60 லட்சத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி எழுதி, பென்சிலைக் கீழே வைத்தேன்.