எழுத்து அழிந்த காசை எடை போட்டு அறிவது

கொங்கு நாட்டில் காட்டிலோ தோட்டத்திலோ மெட்டல் டிடெக்டர் காட்டிக் கொடுக்கும் காசு பெரும்பாலும் வழவழவென்று ஒரு செப்பு வட்டமாகத்தான் கைக்கு வரும். முகம் இருக்காது, ஆண்டு இருக்காது, எழுத்து இருந்த இடத்தில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். உடனே எழுத்தைத் தேடத் தோன்றும். அதைக் கடைசிக்கு வையுங்கள். எழுத்து முதலில் தேய்கிறது. எடை, குறுக்களவு, உலோகம், வடிவம் நான்கும் நெடுநாள் நிற்கின்றன.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. புளி, எலுமிச்சை, திருநீறு, பல்பொடி எதையும் காசின் மேல் போடாதீர்கள். மண்ணில் கிடந்த செம்பில் உருவம் பல நேரம் களிம்புப் படலத்தில் மட்டுமே மிஞ்சியிருக்கும். புளி அந்தப் படலத்தைக் கரைத்துவிட்டால் பளபளக்கும் தகடு மிஞ்சும், காசு போய்விடும். காய்ச்சி வடிகட்டிய நீரில் (பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர்தான்) இரண்டு மூன்று நாள் ஊறப் போட்டு, தினமும் நீரை மாற்றுங்கள். இளகிய மண்ணை மூங்கில் பல்குச்சியால் தள்ளி எடுக்கலாம். இளகாததை விட்டுவிடுங்கள்.

வேண்டிய சாமான்கள் குறைவு: 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு, குறுக்களவு அளக்கும் காலிப்பர், பத்து மடங்கு லென்ஸ், காந்தம், டார்ச்.

எடையைப் படிக்க ஒரு விதி உண்டு. தேய்மானம் எடையைக் குறைக்குமே தவிர கூட்டாது. ஆகவே தராசு காட்டும் எண்ணிலிருந்து மேல்நோக்கித் தேடுங்கள். நம் பக்கம் அதிகம் கிடைக்கும் காலணாவையே எடுத்துக்கொள்வோம். குறுக்களவு 25 மி.மீ. சொச்சம். 1835 முதல் 1906 வரை அது செம்பு, எடை 6.47 கிராம். 1906-இல் வெண்கலத்துக்கு மாறி 4.86 கிராமுக்கு இறங்கியது. இரு பக்கமும் மழுங்கிய ஒரு காலணா 5.6 கிராம் காட்டினால், 4.86 கிராம் காசு தேய்ந்து 5.6 ஆக முடியாது; அது பழைய செம்புக் காசு. மேலே சுண்ணாம்பு அடை ஒட்டியிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு ஏமாற்றும். அடை படிந்த காசின் எடையை நம்பாதீர்கள்.

அதே காலணாவில் தலையின் நிழலுரு தெரிந்தால் இன்னும் நெருங்கலாம். முகம் வலப்பக்கம் பார்த்தால் ஏழாம் எட்வர்ட். இடப்பக்கம் பார்த்தால் விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் மூவரில் ஒருவர். எடை விக்டோரியாவை மற்ற இருவரிடமிருந்து பிரித்துவிடும். தலையே இல்லாமல் நடுவில் கேடயமும் இரு புறமும் சிங்கங்களும் நிழலாடினால் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் காசு. நடுவில் பெரிய ஓட்டை இருந்தால் 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா. அதற்கு ஆராய்ச்சியே வேண்டாம்.

சிறு காசில்தான் பிழை அதிகம். தம்பிடி (அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு) 17.5 மி.மீ., பழைய செம்பில் 2.16 கிராம், வெண்கலத்தில் 1.62 கிராம். 1957-இல் வந்த ஒரு நயா பைசா 16 மி.மீ., 1.5 கிராம். தேய்ந்த வெண்கலத் தம்பிடியையும் நயா பைசாவையும் தராசு பிரிக்காது; காலிப்பர் பிரிக்கும்.

வெள்ளி போலத் தெரிவதற்கு முதலில் காந்தம். ஒட்டினால் 1947-இன் நிக்கல் ரூபாயாக இருக்கலாம். ஒட்டாவிட்டால் அடர்த்தி பாருங்கள். தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துச் சுழியாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கும்படி பிடியுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுங்கள். 11.20 கிராம் காசு நீரில் 1.09 காட்டினால் 10.28 வரும், அது 1939 வரை அடித்த நல்ல வெள்ளி ரூபாய்க்குப் பொருந்தும். 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைந்தது, அதற்குச் சுமார் 9.5 வரும். காசில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் விடை குறைந்து போகும். ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தால் குமிழி நிற்காது. ஒரு கிராமுக்குக் கீழான காசுக்கு இந்த முறை உதவாது. வீரராயன் பணம் போன்ற பொன் பணம் ஒரு கிராமில் பாதிகூட வராது.

1799 வரை இந்தப் பகுதியில் பெரும்பாகம் மைசூர் ஆட்சியில் இருந்ததால் யானைக் காசு இங்கே புதிதல்ல. ஒரு பக்கம் யானையின் முதுகு வளைவு மட்டும் எஞ்சி, எடை 11 கிராமை ஒட்டியிருந்தால் திப்புவின் பைசா. மறுபக்கம் பாரசீக எழுத்தின் நீண்ட கோடுகள் இருக்கும். யானையும் கட்டம் போட்ட பின்பக்கமும் உள்ள சின்னஞ்சிறு காசு பழைய மைசூர்க் காசு. 9 கிராமை ஒட்டி இரண்டு எக்ஸ் எழுத்து தெரிந்தால் அவசரப்படாதீர்கள்: கேடயம் இருந்தால் 1803 அல்லது 1808-இன் சென்னைக் கம்பெனி இருபது காசு, யானையோ சிங்கமோ கன்னட எழுத்தோ இருந்தால் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருடையது.

இனி வெளிச்சம். அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் காசின் மட்டத்துக்கே தாழ்த்தி, பக்கவாட்டில் அடியுங்கள். காசை அசைக்காமல் டார்ச்சைக் கடிகாரம் போலச் சுற்றி எட்டுத் திசையிலும் ஒவ்வொரு போட்டோ எடுங்கள். ஒரு திசையில் தெரியாத கோடு அடுத்த திசையில் எழும்பும். சோழர் செப்புக் காசுக்கு இது போல உதவும் முறை வேறில்லை. ராஜராஜன் காசு சுமார் 4 கிராம், 20 மி.மீ.; ஒரு பக்கம் நிற்கும் மனிதன், மறுபக்கம் அமர்ந்த மனிதன், அவனருகே மூன்று வரியில் நாகரி எழுத்து. புதிதாக இருந்தபோதே உருவம் குச்சியும் புள்ளியுமாகத்தான் இருந்தது. தேய்ந்த பின் மனிதனைத் தேடினால் கிடைக்க மாட்டான். வரிசையாக நிற்கும் புள்ளிகளையும், இடுப்பிலிருந்து விழும் துணி வளைவையும் தேடுங்கள்.

வட்டமாக இல்லாமல் சதுரச் செம்பாக இருந்தால் நிறுத்தி நிதானியுங்கள். கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்த சங்ககாலச் சேரர் காசுகள் பல சதுரம். ஒரு பக்கம் யானை, மறுபக்கம் வில்லும் அம்பும். மாக்கோதை, குட்டுவன் கோதை, கொல்லிப்பொறை என்ற சேர அரசர் பெயர்கள் தமிழ்ப் பிராமியில் பொறித்த காசுகளும் கரூர் தந்தவையே. வெள்ளலூரிலும் கத்தாங்கண்ணியிலும் ரோம வெள்ளிக் காசுப் புதையல்கள் கிடைத்தன. அந்த வகை 18 மி.மீ. குறுக்களவில், தடிமனாக, விளிம்பு ஒழுங்கில்லாமல் இருக்கும்; எடை 4 கிராமைத் தாண்டுவது அரிது. அகஸ்டஸ் காசில் இரண்டு பேர் நிற்க நடுவே கேடயங்கள், திபேரியஸ் காசில் நாற்காலியில் அமர்ந்த பெண்.

இப்படி ஒன்று வந்துவிட்டால் மேற்கொண்டு தோண்டாதீர்கள். பக்கத்தில் கிடக்கும் பானை ஓட்டையும் மண் அடுக்கையும் கலைத்தால் காசின் காலத்தை உறுதி செய்யும் சாட்சி போய்விடும். இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து, ஆழத்தை அளந்து, அளவுகோலோடு போட்டோ எடுங்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன பொருள், எவ்வளவு, எந்த இடம், எந்த நாள். மறைத்தால் தண்டனை உண்டு, பங்கும் போகும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் தோண்டவே கூடாது. மற்ற இடங்களில் நிலத்துக்காரரின் சம்மதத்தை முதலில் எழுதி வாங்குங்கள்.

எடுத்து வைத்த செப்புக் காசில் சில வாரம் கழித்து வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அது சாதாரணக் களிம்பு அல்ல. மண்ணிலிருந்த உப்பு ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை உள்ளிருந்து அரிக்கிறது. அந்தக் காசைத் தனி டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். பொட்டலம் நிறம் மாறினால் அன்றே மாற்றுங்கள்.