சிறையிலிருந்து வெளியே வருபவர்களுக்கு அரசு உதவி: குடும்பங்கள் தவறவிடும் இடங்கள்

தமிழ்நாட்டில் தண்டனை முடிந்தோ ஜாமீனிலோ ஒருவர் வெளியே வரும்போது, "அரசாங்கம் ஏதாவது தருமா?" என்று வீட்டில் கேட்காதவர்கள் இல்லை. அக்கம்பக்கத்தில் இதற்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். "கேஸ்காரனுக்கு எவன் கொடுப்பான்?" என்பது ஒன்று. "விடுதலையானால் பெரிய லோன் தருவார்களாம்" என்பது இன்னொன்று. இரண்டையும் நம்பிக் கெட்டவர்கள் உண்டு.

விடுதலையானவர் என்ற ஒரே காரணத்துக்காகக் கிடைக்கும் பணம் மிகக் குறைவு. மற்றதெல்லாம் எல்லோருக்கும் உள்ள ரேஷன், முதியோர் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, சிறுதொழில் கடன் வழியாகத்தான் வரும். அந்தப் படிவங்களில் பெரும்பாலானவை உங்கள் வழக்கைப் பற்றிக் கேட்பதே இல்லை. ஆதார், வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை, கைப்பேசி எண் ஆகியவற்றைத்தான் கேட்கின்றன. உள்ளே இருந்த வருடங்களில் இந்த நான்கும் ஒவ்வொன்றாகச் செயலிழந்திருக்கும். வழக்கு மறிக்காத ஆளை இவை மறித்துவிடும். நான் பார்த்த வரையில் பாதித் தவறுகள் இங்கேதான் நடக்கின்றன.

வெளியே வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது

விடுதலைத் தேதி தெரிந்ததுமே சிறையின் நல அலுவலரிடமும் நன்னடத்தை அலுவலரிடமும் பேசத் தொடங்க வேண்டும். சிறையில் அவரைப் பார்க்கப் போகும் குடும்பத்தார் இதை நினைவூட்டுவது நல்லது. உள்ளே இருப்பவருக்குக் கடைசி நாட்களில் வீட்டு நினைப்பைத் தவிர வேறெதுவும் ஓடாது.

முதலில் கேட்க வேண்டியது அவர் உழைத்த கூலியை. சிறையில் வேலை செய்பவர்களுக்கு நியாயமான கூலி தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998-ல் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்காக அதில் ஒரு பங்கைப் பிடிப்பதற்கும் அதே தீர்ப்பு வழிவிட்டது. ஆகவே கைக்கு வரும் தொகை, போட்டு வைத்த கணக்கைவிடக் குறைவாக இருக்கலாம். எவ்வளவு கூலி, எவ்வளவு பிடித்தம், மீதி எவ்வளவு என்று கணக்குக் கேட்பதில் தப்பே இல்லை. உள்ளே போகும்போது ஒப்படைத்த பணம், பொருள், அடையாள அட்டைகள் எல்லாம் பதிவேட்டில் இருக்கும். அவற்றைச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்கு வர வழிச்செலவு உண்டா என்றும் கேளுங்கள்.

விடுதலைச் சான்றைச் சிலர் வெளியே வந்ததும் கிழித்துப் போடுகிறார்கள். அந்த மனநிலை புரிகிறது. ஆனாலும் இத்தனை வருடம் ஏன் ரேகை வைக்கவில்லை, ஏன் கணக்கை இயக்கவில்லை என்று எந்த அலுவலகமாவது கேட்டால் காட்ட வேறு தாள் கிடையாது. இரண்டு நகல் எடுத்து வையுங்கள்.

இலவசச் சட்ட உதவிக்கும் ஒரு கால எல்லை உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே வழக்கறிஞர் கிடைப்பார். வெளியே வந்த அன்றே அந்தத் தகுதி போய்விடும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு வருமானம் பார்க்காத உரிமை வெளியேயும் தொடரும். மற்றவர்கள் வருமான வரம்புக்குள் வர வேண்டும். மேல்முறையீடு, வேறு நிலுவை வழக்கு, அபராதம் தொடர்பான மனு என்று எது இருந்தாலும் உள்ளே இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம். இலவச உதவி எண் 15100.

ஜாமீன் கிடைத்தும் பணம் கட்ட முடியாதபோது வட்டிக்கு ஓடுவது

ஜாமீன் உத்தரவு வந்துவிடும். பணம் கட்டவோ ஜாமீன்தாரர் நிறுத்தவோ முடியாமல் ஆள் உள்ளேயே இருப்பார். குடும்பம் நகையை விற்கும், இல்லாவிட்டால் கந்துவட்டிக்காரரிடம் போகும். அதற்கு முன்னால், இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வாசலை மிதித்திருக்க வேண்டும்.

ஏழைச் சிறைவாசிகளுக்கான நிதியுதவித் திட்டத்தை ஒன்றிய உள்துறை அமைச்சகம் 2023-ல் கொண்டுவந்தது. அது வந்தபோது வகுத்த நெறிமுறைப்படி விசாரணைக் கைதிக்கு ஜாமீன் தொகையாக 40,000 ரூபாய் வரையும், தண்டனைக் கைதிக்கு அபராதமாக 25,000 ரூபாய் வரையும் அனுமதிக்கலாம் என்று இருந்தது. ஜாமீன் உத்தரவு வந்து 7 நாட்களுக்குள் ஆள் வெளியே போகாவிட்டால், சிறை நிர்வாகம் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் குடும்ப நிலையை விசாரித்து இந்தத் திட்டத்துக்கான மாவட்டக் குழுவின் முன் வைப்பார். பணம் யார் கைக்கும் வராது, நீதிமன்றத்தில் கட்டப்படும். ஊழல் தடுப்புச் சட்டம், போதைப்பொருள் சட்டம், சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம், சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் (உபா) ஆகியவற்றின் கீழ் உள்ள வழக்குகளுக்கு இது பொருந்தாது.

சிறை நிர்வாகம் தானாகவே தெரிவித்துவிடும் என்று காத்திருப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. தெரிவிக்க வேண்டியது அவர்கள் கடமைதான். அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. ஜாமீன் உத்தரவின் நகலோடு எட்டாம் நாள் நீங்களே ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய் மனுக் கொடுங்கள். தொகை அதிகம் என்றால் நிபந்தனையைத் தளர்த்தக் கோரி நீதிமன்றத்தையும் கேட்கலாம். ஒரு மாதமாகியும் ஜாமீன் பத்திரம் தாக்கல் ஆகாவிட்டால், நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் திருத்துவதைப் பரிசீலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லியிருக்கிறது.

அபராதம் கட்ட முடியாமல் கூடுதல் சிறை அனுபவிப்பவர்களின் குடும்பங்கள், முழுத் தொகையும் சேரட்டும் என்று காத்திருக்கின்றன. அபராதத்தில் ஒரு பகுதியைக் கட்டினாலும் அதற்கு மாற்றான சிறைக்காலம் அந்த விகிதத்தில் குறையும். சட்டத்திலேயே உள்ள விஷயம் இது.

ஆவணங்களைத் தப்பான வரிசையில் சரிசெய்வது

ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்கப் போவார்கள், ஆதாரைக் கொண்டு வா என்பார்கள். ஆதாரில் முகவரி மாற்றப் போவார்கள், ஓடிபி வரும் எண்ணைச் சொல் என்பார்கள். அந்த எண்ணோ ரீசார்ஜ் செய்யாமல் எப்போதோ வேறு யாருக்கோ போயிருக்கும். இந்த அலைச்சலில் ஒரு மாதக் கூலி போய்விடும்.

தொடங்க வேண்டிய இடம் கைப்பேசி எண். ஆதார் மையத்துக்கு நேரில் போய் விரல்ரேகை வைத்தால் போதும், எண்ணை மாற்ற வேறு ஆவணம் எதுவும் வேண்டாம். அட்டை தொலைந்திருந்தாலும் ஆதார் எண் மாறுவதில்லை. புதிய ஆதார் எடுக்கிறேன் என்று மறுபடி பதியப் போனால், ஏற்கெனவே இருப்பதாகச் சொல்லி அது நிராகரிக்கப்படும்.

அடுத்தது முகவரி. பழைய வீட்டுக்கே திரும்புபவர்களுக்குச் சிக்கல் இல்லை. அண்ணன் வீட்டிலோ மகள் வீட்டிலோ ஒதுங்குபவர்களிடம் வாடகை ஒப்பந்தம் இருக்காது, மின்கட்டண ரசீதும் வேறு பெயரில் இருக்கும். இவர்களுக்காகவே குடும்பத் தலைவரின் ஒப்புதலோடு முகவரி மாற்றும் வசதி 2023-ல் வந்தது. உறவுமுறையைக் காட்டும் ஒரு ஆவணமும் அவருடைய ஓடிபியும் இருந்தால் ஆகிவிடும். உறவினர் யாருமே இல்லையென்றால் கெஜட்டட் அதிகாரி கையெழுத்திடும் சான்றுப் படிவம் இருக்கிறது.

மூன்றாவது வங்கி. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இரண்டு வருடம் வரவு செலவு செய்யாத கணக்கை வங்கி செயல்படாத கணக்காக ஆக்கிவிடும். பத்து வருடம் தாண்டினால் அதிலுள்ள பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும். அப்போதும் அது உங்கள் பணம்தான், கிளையில் விண்ணப்பித்து வட்டியோடு திரும்பப் பெறலாம். செயல்படாத கணக்கை மீண்டும் இயக்கக் கட்டணம் வாங்கக் கூடாது. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அந்தக் கணக்கில் அபராதம் போடவும் கூடாது. ரிசர்வ் வங்கியின் 2024 விதிகள் இவை.

"புது பேங்கில் ஜன்தன் கணக்குத் திறந்தேன், நம்பரையும் கொடுத்தேன், பணம் வரவில்லை" என்று பலர் சொல்வார்கள். ஆதார் அடிப்படையில் அனுப்பப்படும் அரசுப் பணம், படிவத்தில் எழுதிய கணக்குக்குப் போகாது. ஆதாரோடு கடைசியாக இணைக்கப்பட்ட கணக்குக்குத்தான் போகும். அது பழைய செயல்படாத கணக்காக இருக்கலாம். அந்தக் கிளையில் கட்டாத கடன் இருந்தால், வங்கி அதைக் கழித்துக்கொள்ளவும் வாய்ப்பிருக்கிறது. புதிய கிளையில் ஆதாரை இணைக்கும் படிவத்தைத் தனியாக எழுதிக் கொடுத்து, எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று ஆதார் இணையதளத்தில் பார்த்துக்கொண்டு, அப்புறம் விண்ணப்பிக்கலாம்.

குடும்ப அட்டை இதற்குப் பிறகுதான். பெயர் நீக்கப்பட்டிருந்தால் இ-சேவை மையம் வழியாகச் சேர்க்கலாம். அரிசிக்காக மட்டும் சொல்லவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுக்கும் அந்த அட்டையில் பெயர் இருக்க வேண்டும். 60 வயது தாண்டியவருக்கு நின்றுபோன முதியோர் ஓய்வூதியத்தை மீண்டும் கேட்க, தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும்போதும் அதைத்தான் கேட்பார்கள்.

வாக்குரிமை நிரந்தரமாகப் போய்விட்டது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். சிறையில் இருக்கும்போது வாக்களிக்க முடியாது, அவ்வளவுதான். வெளியே வந்ததும் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், ஓர் அடையாள அட்டையும் ஆச்சு.

பிஎஃப் பணம் போச்சு என்று விட்டுவிடுவது

கைதுக்கு முன் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் இதைத்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். தண்டனை பெற்றதால் வருங்கால வைப்பு நிதி பறிபோவதில்லை. கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டு அதை ஜப்தி செய்யவும் முடியாது, சட்டமே தடுக்கிறது. பத்து வருடத்துக்கு மேல் சந்தா போயிருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியமும் உண்டு. பணிக்கொடை (கிராஜுவிட்டி) வேறு கதை. பணியின்போது செய்த, நெறி தவறிய குற்றத்துக்காக வேலைநீக்கம் நடந்திருந்தால் அதை நிறுவனம் மறுக்கலாம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பிஎஃப்பையும் கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

தொழில் உதவிக்கு மொட்டையாக மனு எழுதுவது

விடுதலை பெற்ற சிறைவாசிகள் உதவிச் சங்கம் என்று ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. நன்னடத்தை அலுவலர் வழியாக அதற்கு மனு போகும். "கஷ்டப்படுகிறேன், உதவ வேண்டும்" என்று எழுதிய தாளை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியும் எதுவும் செய்ய முடியாது. தையல் இயந்திரமா, தள்ளுவண்டியா, இஸ்திரி வண்டியா என்று சொல்லுங்கள். விலைப்பட்டியல் ஒன்று வாங்கி இணையுங்கள். உள்ளே அந்தத் தொழிலைக் கற்றிருந்தால் சான்றிதழைச் சேருங்கள். அந்த உதவி சிறிய தொகைதான். மேற்கொண்டு வேண்டுமானால் பிணையில்லாத முத்ரா சிசுக் கடன் 50,000 ரூபாய் வரை கிடைக்கும். தெருவோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதித் திட்டத்தில், 2025-ல் உயர்த்திய பிறகு முதல் கடன் 15,000 ரூபாய் வரை. அதற்கு உள்ளாட்சி அமைப்பின் வியாபாரச் சான்றோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும். இதெல்லாம் கடன், திருப்பிக் கட்ட வேண்டும் என்பதையும் வீட்டில் பேசிவிட்டு வாங்குங்கள்.

இந்த இடத்தில்தான் புரோக்கர்களும் நுழைகிறார்கள். "சேங்ஷன் ஆகிவிட்டது, கமிஷன் மட்டும் கட்டு" என்று யார் சொன்னாலும் கடன் வரப்போவதில்லை என்று பொருள்.

தண்டனைக் காலம் முடியுமுன் நிபந்தனையோடு விடுதலையானவர்கள் வேலைக்காக வேறு மாவட்டம் போவதற்கு முன் நன்னடத்தை அலுவலரிடம் எழுத்தில் சொல்லிவிட வேண்டும். நிபந்தனையை மீறினால் விடுதலையே ரத்தாகலாம்.

மருந்துத் தொடர்ச்சியை விடுவது

உள்ளே காசநோய்க்கோ எச்ஐவிக்கோ மனநலத்துக்கோ மருந்து சாப்பிட்டவர், வெளியே வந்த வாரமே நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கிறது. சிறை மருத்துவரிடம் மாற்றுச் சீட்டு வாங்கி, ஊருக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் பதிந்துகொள்ள வேண்டும். காசநோய்ச் சிகிச்சையில் இருப்பவருக்குச் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. 2024 நவம்பருக்கு முன் அது 500 ரூபாயாக இருந்தது. பதிவு விட்டுப்போனால் அந்தப் பணமும் வராது.

வீட்டார் ஏற்றுக்கொள்ளாத பெண்களுக்கு முதல் இரவு எங்கே தங்குவது என்பதே பெரிய கேள்வி. சிறையிலிருந்து வந்த, ஆதரவற்ற பெண்களும் தங்கக்கூடிய சுவாதார் இல்லங்கள் இப்போது சக்தி சதன் என்ற பெயரில் நடக்கின்றன. 181 என்ற எண்ணில் கேட்கலாம். விடுதலைக்கு முன்பே நல அலுவலரிடம் சொல்லி இடம் உறுதிசெய்தால் தெருவில் நிற்க வேண்டியிருக்காது.

வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்புவது

கவுன்ட்டரில் ஒருவர் "உனக்கெல்லாம் கிடையாது" என்றால், அது அரசின் முடிவாகிவிடாது. மனுவை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் எண் போட்டுத் தருவார்கள். முதல்வரின் உதவி மையத்தை 1100 என்ற எண்ணில் அழைத்தும் பதியலாம். பதிலே வராவிட்டால், மனு என்ன ஆயிற்று என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதில் தர 30 நாள் கெடு இருக்கிறது. ஒன்றிய அரசு அலுவலகம் என்றால் கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு எங்கேயும் கட்டணம் கிடையாது, அதற்கான சான்றின் நகலை மட்டும் இணைக்க வேண்டும்.